கைமுறுக்கு

அண்ணாச்சி, அந்தப் பைய மிதிச்சிராதிய. கால மட்டும் கொஞ்சம் மடக்கிக்கிடுங்க. இல்ல, வேண்டாம், நான் மடியிலயே வச்சிக்கிடுதேன். உள்ள ஒரு கண்ணாடி இருக்கு. ஒடையாத கண்ணாடின்னு சொல்லித்தான் வாங்குனது. இருந்தாலும் மடியில இருந்தா மனசுக்கு ஒரு இது. இன்னா, இப்ப நல்லா உக்காருங்க. தூத்துக்குடிதானே? நானும் அங்கதான். திரேஸ்புரம்.

கண்ணு வடியுதுன்னு பாக்கியளா? அழல. திருநெல்வேலியில கண்ணாஸ்பத்திரிக்குப் போய்ட்டு வாறேன். சொட்டு மருந்து விட்டுட்டாவ. உங்க மொகமே எனக்கு இப்ப தண்ணிக்குள்ள கெடக்க மாதிரிதான் தெரியுது. சாயங்காலத்துக்குள்ள தெளிஞ்சிரும்னாவ. என்னத்தத் தெளிய. டாக்டரு சொன்னத நெனச்சா எரிச்சல்தான் வருது. அதப் பொறவு சொல்லுதேன்.

பேரு கஸ்மீர். வெறும் கஸ்மீர்னு கேட்டா யாருக்கும் தெரியாது. கைமுறுக்கு கஸ்மீர்னு கேக்கணும். திங்கிற முறுக்கு இல்ல அண்ணாச்சி. நீங்களும் சிரிக்கிய பாத்தியளா, எல்லாரும் மொதல்ல சிரிக்கத்தான் செய்வாவ. ஒருக்கா இதே பஸ்ஸுல ஒரு ஆளு, கால் கிலோ இருக்குமான்னே கேட்டுட்டாரு.

நான் லாஞ்சு இஞ்சின் மெக்கானிக்கு. எங்க பட்டறையில ஒரு வழக்கம் உண்டு. இஞ்சின எறக்கி, சோலி முடிச்சு, ஹெட்ட ஏத்தி, பயலுவ எல்லா நட்டையும் டைட்டு வச்சிருவானுவ. ஆனா ஒருத்தனும் முடிஞ்சிட்டுன்னு சொல்லமாட்டான். "அண்ணாச்சி, கைமுறுக்கு!" அப்படின்னு ஒரு சத்தம் குடுப்பான். நான் குடிச்ச டீய அப்படியே வச்சிட்டு எந்திரிச்சிப் போவேன். எங்கிட்ட ஒரு பைப்பு உண்டு. அத ஸ்பேனரு வால்ல சொருவி, காலத் தரையில நல்லா ஊனி, ஒவ்வொரு நட்டுக்கும் கடைசியா ஒரு முறுக்கு. என் கையால. அதுக்குப் பேருதான் கைமுறுக்கு. அந்த முறுக்கு விழுந்த நட்டு கடலுக்குப் போயி, புயல்ல மாட்டி, திரும்பி வந்தாலும் இம்மி அசையாது. கழட்டணும்னா என்னத்தான் கூப்பிடணும். சிலத நானே கழட்ட முடியாம ரம்பம் போட்டு அறுத்திருக்கேன்னா பாத்துக்கிடுங்க. அப்படிப்பட்ட கை இது.

கடல்ல கெடக்க சாமானுக்கு அப்படித்தான் வைக்கணும். கடலு என்ன செய்யும் தெரியுமா? கழட்டும். அதுக்கு வேற சோலியே கெடையாது. பலகையக் கழட்டும், ஆணியக் கழட்டும், ஆளக் கழட்டும். எங்க அப்பாவக் கழட்டிட்டு. நாம முறுக்கிக்கிட்டே இருக்கணும். எனக்கு அறிவு தெரிஞ்ச நாள்லருந்து நான் இத ஒண்ணத்தான் செஞ்சிட்டு வாறேன்.

பிரிட்டோ கதையச் சொல்லணும்னா அவன் காதுலருந்து சொல்லணும். எங்க அக்கா மவன். மணப்பாட்டுக்காரன். மீச மொளைக்கதுக்கு முன்னாடியே சங்கு குளிக்கப் போனான். மூச்சப் பிடிச்சா ஒரு ஜெபமால சொல்லி முடிச்சிரலாம், அம்புட்டு நேரம் அடியில கெடப்பான். அதுலதான் காது போச்சு. எடது பக்கம் சுத்தமாக் கேக்காது. இனிமே தண்ணிக்குள்ள தலய விட்டா வலதும் போயிரும்னு டாக்டரு சொல்லிட்டாரு. பய கரையில கெடந்து தவிச்சான். பொறவு சார்ஜாவுக்குப் போனான். அங்க பணக்காரனுவ நாம பைக்கு வச்சிருக்க மாதிரி சொந்தத்துக்கு நீர்மூழ்கி வச்சிருப்பானுவளாம். நேவி வச்சிருக்கது மாதிரி பெருசு இல்ல. ஒருத்தரு, மிஞ்சிப் போனா ரெண்டு பேரு உள்ள உக்காந்து, கடலுக்குள்ள போயி மீனப் பாத்துட்டு நனையாம வீட்டுக்கு வாறது. அதப் பராமரிக்க ஒரு கம்பெனி. அதுல சோலி பாத்தான். நல்லாத்தான் பாத்தான். ஊருக்கு வந்தான், என் மக ஜெசிந்தாவக் கட்டுனான்.

எனக்கு ஒரே மக. அவ அம்மா அவ சின்னதுல போயிட்டா. மருமவன் இல்ல அண்ணாச்சி, எனக்கு மவனாத்தான் வந்தான். பட்டறைக்கு வருவான், மாமா மாமான்னு பின்னாலயே நிப்பான். ஒரே பேச்சுதான் பேசுவான். "மாமா, ஒருக்காயாவது அந்தத் தரையப் பாக்கணும். சங்கு கெடக்க தர. நனையாம உக்காந்து பாக்கணும்." காது கேக்காதவன்லா, தெருவே திரும்பிப் பாக்க மாதிரி சத்தமாச் சொல்லுவான். ஜெசிந்தா பக்கத்துல நின்னு சிரிப்பா. என்னயக் கூட்டிட்டுப் போவியளான்னு கேப்பா. ரெண்டு பேரு உக்காருத மாதிரியே கட்டிருவோம்ட்டின்னு சொல்லுவான்.

கட்டுனான். என் பட்டறையிலதான். குஜராத் பக்கம் கப்பல் ஒடைக்க எடத்துலருந்து கனத்த தகட்டு உருள ஒண்ணக் கொண்டாந்தான், பன்னி படுத்துக் கெடக்க மாதிரி இருக்கும். அதுல மோட்டாரு வச்சான், காத்துக் குப்பி வச்சான். அதெல்லாம் அவன் படிச்ச படிப்பு, நான் தலையிடல. வெளிய பாக்கதுக்கு ரெண்டு சன்னல். முன்னால பெருசா ஒண்ணு, பக்கத்துல சின்னதா ஒண்ணு. அந்தப் பக்கத்து சன்னல்தான் இப்ப என் மடியில இருக்கது.

இது கண்ணாடின்னு நான் சொல்லுதேனே தவிர, கண்ணாடி இல்ல. அக்ரிலிக்குன்னு சொல்லுவான், ஒரு மாதிரி பிளாஸ்டிக்கு. உள்ளங்கை கனத்துல வட்டமா இருக்கும். வெளிப் பக்கம் அகலம், உள்பக்கம் குறுகல். புனலுக்குள்ள புனல் உக்காருத மாதிரி அந்த ஓட்டைக்குள்ள உக்காரும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு ரப்பர் ரிங்கு. அதுக்கு கிரீசு தடவணும். ஜெசிந்தாதான் தடவுனா, பச்சப்பிள்ளைக்கு எண்ண தேய்க்க மாதிரி ஒத்த வெரலால. மேல ஒரு இரும்பு வளையம், வளையத்தச் சுத்தி நட்டு. அம்புட்டுதான் சன்னல்.

மாட்டுன அன்னைக்கு நாங்க மூணு பேரும் நிக்கோம். பிரிட்டோ வெரலாலயே நட்ட ஓட்டுதான். பொறவு சின்ன ஸ்பேனர எடுத்து, பிள்ளைக்குச் சட்டப் பொத்தான் போட்டு விடுத மாதிரி லேசா ஒரு திருப்பு. அவ்வளவுதான், வச்சிட்டான். எனக்குச் சிரிப்பு வந்துட்டு. "என்னல இது? சங்கு கெடக்க ஆழத்துக்குப் போற சாமானுக்கு இதாடா டைட்டு?"ன்னு கேட்டேன்.

அவன் என்ன சொன்னான் தெரியுமா? "மாமா, கைமுறுக்கு போதும்"னான்.

நல்லாக் கேட்டுக்கிடுங்க. அவன் வாயால சொன்ன வார்த்த. கைமுறுக்கு. ஜெசிந்தாவும் நின்னு கேட்டா. எனக்கு நெஞ்சு அப்படியே நெறஞ்சு போச்சு அண்ணாச்சி. சார்ஜா வரைக்கும் போயி வெள்ளக்காரங்கிட்ட சோலி படிச்சவன், கடைசியில நம்ம கைய நம்புதான் பாத்தியளா. நான் உடனே பைப்ப எடுக்கப் போனேன். "இப்ப வேண்டாம் மாமா, இருக்கட்டும், இருக்கட்டும்"னு கையப் பிடிச்சிக்கிட்டான். வயசான ஆளச் சிரமப்படுத்தக் கூடாதுன்னு நெனைக்கான். அப்படி ஒரு மரியாத அவனுக்கு.

பொறவு ஒரு கத சொன்னான். கடலுக்குள்ள எறங்க எறங்க, வெளியில இருக்க தண்ணியே கண்ணாடிய உள்ள பாத்து அமுக்குமாம். எம்புட்டு ஆழமோ அம்புட்டு இறுக்கமா உக்காருமாம். வளையம் சும்மா, மேல வாறப்ப விழுந்திராம இருக்கதுக்குத்தானாம். "கடலே முறுக்கிக்கிடும் மாமா"ன்னான். நான் எதுத்துப் பேசல. சின்னப் பையன், ஆசையில பேசுதான். கடலு எந்தக் காலத்துல யாருக்கு முறுக்கிக் குடுத்திருக்கு? நான்தான் சொன்னேன்லா, அதுக்குக் கழட்ட மட்டுந்தான் தெரியும்.

இது வல்லநாடா? ஆமா, ஆத்துப் பாலம் வருது. சன்னல் பக்கம் காத்து அடிக்கும், நல்லா சாஞ்சிக்கிடுங்க.

எங்கள்ள புதுசா வள்ளம் எறக்குனா பங்குச் சாமியாரக் கூட்டிட்டு வந்து மந்திரிச்சித்தான் எறக்குவோம். இதுக்கும் மந்திரிக்கணும்னு நான்தான் சொன்னேன். பேரு எழுதணும்லா? 'ஜெசிந்தா'ன்னு முன் சன்னலுக்கு மேல செவப்புப் பெயிண்டுல எழுதச் சொன்னேன். எழுதுனவன் ஒரு அவசரக்காரன். பெயிண்டு ஒழுகி கண்ணாடியில ரெண்டு மூணு கோடு எறங்கிட்டு. பிரிட்டோவும் அவளும் சாமியாரக் கூப்பிடக் கோயிலுக்குப் போயிருக்காவ. ஊரே கூடி வரப் போவுது. கண்ணாடியில பெயிண்டு வடியுது. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க.

பெயிண்டக் கரைக்க தின்னர எடுத்தேன். பஞ்சுல நனைச்சு முன் சன்னல முழுசாத் தொடச்சேன். பக்கத்து சன்னலயும் எதுக்கு விடணும்னு அதையும் தொடச்சேன். பளபளன்னு ஆயிட்டு. பிரிட்டோ எப்பவும் சோப்புத் தண்ணிதான் வச்சித் தொடைப்பான். நான் தின்னரு டப்பாவ எடுத்தா, "வேண்டாம் மாமா, சோப்புத் தண்ணியே போதும், தின்னர் படவே கூடாது"ன்னு பிடுங்கி வச்சிருவான். பட்டறைச் சாமான அவன் செலவழிக்க மாட்டான். எங்கிட்ட ஒரு துளி வாங்குனாலும் அவனுக்குக் கூச்சம். ஒரு நல்ல நாளும் பொழுதுமா தின்னருக்குக் கணக்குப் பாக்க முடியுமா?

பொறவு பைப்ப எடுத்தேன். யாரும் இல்ல, தடுக்க ஆளு இல்ல. கால ஊனிக்கிட்டேன். மனசுக்குள்ள, "மாமா, கைமுறுக்கு!"ன்னு அவன் சத்தம் குடுத்த மாதிரியே நெனச்சிக்கிட்டேன். முன் சன்னல்ல ஒவ்வொரு நட்டா வச்சேன். என் மவளுக்குத் தாலி கட்டுன பய உள்ள உக்காரப் போறான், சும்மா விடுவேனா? இஞ்சின் ஹெட்டுக்கு வைக்கதவிட ஒரு பிடி கூடவே வச்சேன். கடைசி நட்டுல கிண்ணுன்னு ஒரு சின்னச் சத்தம். கேக்க அம்புட்டு இனிமையா இருந்துச்சு. ஏறி உக்காந்துட்டுன்னு அர்த்தம். ஹெட்டும் அப்படித்தான், நல்லா உக்காந்தா ஒரு சத்தம் குடுக்கும். பக்கத்து சன்னலுக்கு வைக்கதுக்குள்ள வெடி போடுத சத்தம் கேட்டுட்டு, சாமியாரு வந்துட்டாரு. அதுக்கு வைக்க நேரமில்லாமப் போச்சேன்னு எனக்கு வருத்தம்.

சாமியாரு ஜெபம் பண்ணி தீர்த்தம் தெளிச்சாரு. எல்லாரும் கண்ணாடியப் பாத்து, இருக்கா இல்லையான்னே தெரியலியேன்னாவ. அப்படித் தொடச்சிருக்கேன். ஜெசிந்தா குனிஞ்சி கண்ணாடியில மொகம் பாத்துத் தலமுடிய ஒதுக்கிக்கிட்டா. நான் ஒண்ணும் சொல்லல. செஞ்சத சொல்லிக் காட்டுத பழக்கம் எனக்குக் கெடையாது.

மொதல்ல தொறைமுகத்துக்கு இந்தப் பக்கம் ஆழமில்லாத எடத்துல எறக்குனோம். நான் வள்ளத்துல, அவன் உள்ள. கயிறு கட்டித்தான் விட்டோம். சுத்தியலால உள்ளருந்து ரெண்டு தட்டு தட்டுனா நல்லா இருக்கேன்னு அர்த்தம், ஒரு தட்டுனா இழுங்கன்னு அர்த்தம். டங்கு டங்குன்னு தட்டுனான். மேல வந்து மூடியத் தொறந்து, "ஒரு பொட்டுத் தண்ணி இல்ல மாமா!"ன்னு கத்துனான். என் கையி அப்படின்னு நெனச்சிக்கிட்டேன்.

ஜெசிந்தா அன்னைக்கே நானும் வாறேன்னு நின்னா. அடுத்த தடவ ஒன்னயக் கூட்டிட்டுப் போறேன், இன்னும் ஒருக்கா நான் பாத்துட்டு வந்துருதேன்னு அவந்தான் சொன்னான். அதுக்கு மட்டும் நான் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தாத நாள் இல்ல.

பொறவு சங்குத் தரைக்குப் போனோம். முயல்தீவத் தாண்டி, வெளிய. கடலு கண்ணாடி மாதிரி கெடந்துச்சு. எறங்குனான். கயிறு போய்க்கிட்டே இருக்கு. டங்கு டங்கு. கொஞ்சம் போவுது, டங்கு டங்கு. கயிறு தொய்ஞ்சிட்டு, தர தட்டிட்டுன்னு தெரியும். நான் வள்ளத்து வெளிம்புல காத வச்சிக்கிட்டு இருக்கேன். டங்கு டங்கு. அப்பவும் ரெண்டுதான் தட்டுனான் அண்ணாச்சி. சங்கப் பாத்திருப்பான். கட்டாயம் பாத்திருப்பான்.

பொறவு தட்டல.

ஒரு பெரிய கொப்புளம் வந்துச்சு. மாடு தண்ணிக்குள்ள மூச்சு விட்ட மாதிரி. பொறவு சின்னச் சின்னதா நெறைய. இழுத்தோம். கையி கிழிய இழுத்தோம். கனமா வந்துச்சு.

முன் கண்ணாடி இல்ல. நடுவுல பொத்துக்கிட்டு உள்ள போயிட்டு. ஆனா ஒண்ணு சொல்லுதேன், சத்தியமாச் சொல்லுதேன், அந்த வளையம் இருக்கு பாருங்க, அதுல ஒரு நட்டு கூடக் கழலல. ஒரு நட்டு கூட! நான் தொட்டுத் தொட்டுப் பாத்தேன். எல்லாவனும் அவனத் தூக்கி வெளிய போட்டு நெஞ்ச அமுக்குதானுவ, நான் நட்டத் தொட்டுப் பாத்துக்கிட்டு நிக்கேன். வச்சது வச்ச மாதிரியே இருந்துச்சு. கண்ணாடி விளிம்பு கூட ஓரத்துல வளையத்துக்குள்ளயே மாட்டிக்கிட்டு நிக்கி. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. என் மேல குத்தம் இல்ல. கண்ணாடி மட்டம்.

இன்னொண்ணும் இருக்கு. ஒடையதுக்கு முன்னால கண்ணாடி சத்தம் குடுத்திருக்கும். டிக்கு டிக்குன்னு. ஆபீசரே சொன்னாரு. அவனுக்குத்தான் காது கேக்காதே. செவிட்டுக் காத வச்சிக்கிட்டு கடலுக்குள்ள போகலாமா? அவன் மேல நான் வச்சிருக்க பாசத்துலதான் இத வெளிய சொல்லாம இருக்கேன்.

ஆபீசர்னு சொன்னேன்லா, விசாரிக்க ஒருத்தரு வந்தாரு. பட்டறையிலயே வச்சு விசாரிச்சாரு. ஒடைஞ்ச துண்ட எல்லாம் பொறுக்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பிடிச்சுப் பாத்தாரு. பொறவு வளையத்த ஒரு ஆளக் கழட்டச் சொன்னாரு. அவன் தொங்கிப் பாக்கான், முடியல. எனக்கு அந்தத் துக்கத்துலயும் ஒரு பெரும. ஆபீசரு கேட்டாரு, "இத இப்படி டைட் வச்சது யாரு?"

நான் நெஞ்ச நிமித்திக்கிட்டு ஒரு எட்டு முன்னால வச்சேன். ஜெசிந்தா ஓரமா தரையில உக்காந்திருந்தவ, எப்ப எந்திரிச்சான்னே தெரியல, என் மணிக்கட்டப் பிடிச்சா. அப்படி ஒரு பிடி. "பேசாம இருங்கப்பா"ன்னா. பொறவு அந்த ஆபீசரப் பாத்து, தெளிவாச் சொன்னா. "எங்க வீட்டுக்காரருதான் வச்சாரு. அவரேதான் எல்லாத்தையும் மாட்டுனாரு. வேற யாரும் தொடல."

கேட்டியளா அண்ணாச்சி? பெத்த மக. என் கண்ணு முன்னால, என் வேலயத் தூக்கிச் செத்தவன் பேருல எழுத விட்டுட்டா. விபத்துன்னு எழுதிக் கேச முடிச்சிட்டாவ. எனக்கு அதுல இருந்துதான் மனசு விட்டுப் போச்சு. மருமவன் போனது விதி. அத யாரு தடுக்க முடியும்? ஆனா நான் வச்ச முறுக்கு நான் வச்சதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? அத்தன பேரு கூடி நின்னாவ. ஒரு நட்டு கூடக் கழலலன்னு ஊருக்குத் தெரிஞ்சிருக்கும்லா?

இப்ப பட்டறைக்கு யாரும் வாறதில்ல. பயலுவளும் நின்னுட்டானுவ. காலம் அப்படி. எல்லாத்துக்கும் புது இஞ்சின், புது ஆளு.

இந்தச் சின்னக் கண்ணாடிய அந்த உருளையிலருந்து நான்தான் கழட்டி எடுத்தேன். பிரிட்டோ வெரலால வச்ச டைட்டு, வெரலாலயே வந்துட்டு. ஒடையாமத்தான் இருந்துச்சு. அது ஓரமா இருந்ததால தப்பிச்சிட்டு. இத எடுத்துக்கிட்டு மக வீட்டுக்குப் போனேன். அவ இப்ப தனியாத்தான் இருக்கா, டவுனுக்குள்ள. "ஏட்டி, இதப் பாரு. இது அவன் நெனப்பா இருக்கட்டும்னு கொண்டாந்தேன். இன்னொண்ணு, நான் நாளைக்குப் போயி அந்த ஆபீசரப் பாத்து, முறுக்குனது நான்தான்னு சொல்லப் போறேன். அவன் பேருல கெடக்குறது ஞாயமில்ல"ன்னேன்.

அவ கண்ணாடிய வாங்கி வாசல் வெளிச்சத்துல பிடிச்சா. ரொம்ப நேரம் பாத்தா. நான் என்னமோ அழப்போறான்னு நெனச்சேன். "அப்பா, இத எதை வச்சுத் தொடச்சிய?"ன்னு கேட்டா.

"தின்னரு வச்சுத்தான். மந்திரிச்ச அன்னைக்கும் அதான், நேத்தும் அதான். ஏன்?"

கண்ணாடிய என் கையில குடுத்தா. "ஆபீசர்ட்டப் போவாதிய. போனியன்னா ஒங்களப் பிடிச்சி உள்ள வச்சிருவாவ. போவாதிய. இங்கயும் வராதிய"ன்னுட்டுக் கதவச் சாத்திட்டா.

எனக்குப் புரியவே இல்ல அண்ணாச்சி. எத வச்சுத் தொடச்சா இவளுக்கு என்ன? வீட்டுக்கு வந்து யோசிச்சேன். அவ வீட்டுல ஒரு கண்ணாடி அலமாரி இருக்கு, பிரிட்டோ வாங்கிப் போட்டது. அதுல கற படிஞ்சிருக்கும், அதான் கேட்டிருக்கான்னு தோணிச்சு. அடுத்த ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் ஒரு பாட்டில் தின்னரு வாங்கிட்டுப் போனேன். கதவத் தொறந்தா. "இன்னாட்டி, நல்ல தின்னரு. பஞ்சுல நனைச்சு லேசாத் தொடச்சாப் போதும், பளிச்சுன்னு ஆயிரும்"னு நீட்டுனேன். வாங்குனா. அப்படியே தெருவுல எறங்கி நின்னு, மூடியத் தொறந்து, ஓடையில ஊத்துனா. கடைசிச் சொட்டு வரைக்கும் கவுத்துக்கிட்டே நின்னா. அக்கம்பக்கத்துல எல்லாரும் பாக்காவ. கோட்டி பிடிச்சிட்டோன்னு எனக்குப் பயம் வந்துட்டு. அவ கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. நான்தான் அழுதுக்கிட்டே வந்தேன்.

அப்பலருந்து தெருமுனையில நின்னு பாத்துட்டு வந்துருவேன். கதவு சாத்தித்தான் கெடக்கும்.

கண்ணாஸ்பத்திரிக்கு ஏன் போனேன்னா, அதுக்கும் இந்தக் கண்ணாடிதான் காரணம். ஞாயித்துக்கெழம தோறும் நான் இதத் தொடைப்பேன். அவன் நெனப்பா இருக்கது இது ஒண்ணுதான். மொதல்ல இது வழியாப் பாத்தா பட்டறைச் சுவத்துல தொங்குத அவங்க கல்யாணப் போட்டோ அச்சு அசலாத் தெரியும். ரெண்டு பேரு மொகமும் தெரியும். கொஞ்ச நாளாக் கலங்கிக்கிட்டே வருது. மொதல்ல ஓரத்துல வெள்ள வெள்ளயா மயிர் மாதிரி கோடு. பொறவு நடுவுல புக. இப்ப போட்டோவே தெரியல, அடுப்பங்கரைப் புகைக்குள்ள பாக்க மாதிரி இருக்கு. எனக்குக் கண்ணுல புர விழுந்துட்டுன்னு தெரிஞ்சு போச்சு. வயசாச்சில்லா. ஆப்ரேசன் பண்ணிக்கிட்டா தெளிஞ்சிரும், அவன் மொகத்த ஒருக்கா நல்லாப் பாக்கலாம், அவளுக்கும் ஒரு எரக்கம் வரும், அப்பாவுக்கு ஆப்ரேசன்னா வந்து பாக்காம இருப்பாளா, இப்படி எல்லாம் நெனச்சித்தான் போனேன்.

டாக்டரு சின்ன வயசுப் பொம்பள. மிசின்ல நாடிய வைக்கச் சொல்லி, வெளிச்சம் அடிச்சுப் பாத்தாவ. சொட்டு மருந்து விட்டுப் பொறவும் பாத்தாவ. "ஐயா, ஒங்க கண்ணு ரெண்டும் நல்லா சுத்தமா இருக்கு. புரை இல்ல. எழுத்தெல்லாம் கடைசி வரி வரைக்கும் வாசிச்சிய. ஆப்ரேசன் தேவையில்ல"ன்னுட்டாவ. எனக்கு வந்துச்சே கோவம். "அப்ப இது ஏன் தாயி எனக்குப் புகையாத் தெரியுது?"ன்னு பையத் தொறந்து கண்ணாடிய எடுத்து அவங்க மேச மேல வச்சேன்.

அவங்க எடுத்தாவ. டியூப் லைட்டப் பாத்துப் பிடிச்சாவ. திருப்பித் திருப்பிப் பாத்தாவ. பொறவு என்ன கேட்டாவ தெரியுமா?

"இத எதை வச்சு ஐயா தொடைக்கிறிய?"

அதே கேள்வி அண்ணாச்சி. அப்படியே, என் மக கேட்ட மாதிரியே. அவங்களுக்கு பிரிட்டோவத் தெரியாது, என்னத் தெரியாது. கண்ணாடியப் பிடுங்கிக்கிட்டு வெளிய வந்துட்டேன். சீட்டக் கூட வாங்கல.

வாகைக்குளம் டோல்கேட்டு தாண்டிட்டா? அப்ப புதுக்கோட்டதான் அடுத்தது. தூத்துக்குடியில எறங்கி நேரா மக வீட்டுக்குத்தான் போறேன். புர இல்லன்னு சொல்லணும். அத ஒரு சாக்கா வச்சாவது கதவத் தட்டணும். தொறக்க மாட்டா. தெரியும். இருந்தாலும் தட்டணும்.

அண்ணாச்சி, ஒங்க கண்ணு நல்ல கண்ணுதானே? எனக்கு ஒரு ஒதவி செய்யணும். இந்தத் துண்ட அவுத்து கண்ணாடிய எடுத்துத் தாறேன், சன்னல் வெளிச்சத்துல பிடிச்சு இது வழியா என்னயப் பாருங்க. இன்னா. விளிம்பப் பிடிங்க. ஆமா, அப்படித்தான். என் மொகம் தெரியுதா? மீச தெரியுதா? கொஞ்சம் பக்கத்துல வாறேன். இப்ப?

ஏன் கைய எறக்கிட்டிய? என்ன பாக்கிய அண்ணாச்சி, கண்ணாடியப் பாக்காம என் கையப் பாக்கிய?

இல்ல, வேண்டாம். நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம். நீங்களும் அதே கேள்வியத்தான் கேக்கப் போறிய, வாயப் பாத்தாத் தெரியுது. கேக்காதிய. உங்களக் கும்பிட்டுக் கேக்கேன், நீங்களாவது கேக்காதிய.

அழுக்குதான் அது. வேற ஒண்ணும் இல்ல. பஸ்ஸுத் தூசி. பையில பாட்டில் இருக்கு, பஞ்சும் இருக்கு. கொஞ்சம் ஆடாமப் பிடிச்சிக்கிடுங்க, வாசன அடிச்சா மூக்க மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கிடுங்க. ஒருக்கா நல்லாத் தொடச்சிருதேன்.